பதக்கத்தோடு பயணத்தை முடிச்சுப் போடாதீர்கள்

மொன்றியலின் வில்லரேயிலும் பார்க் எக்ஸ்டென்சனிலும் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நம் வீடுகளில் வருடந்தோறும் வந்துபோகும் ஓர் இழுபறியைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளை ஓட்டத்திலோ நீச்சலிலோ பட்மின்டனிலோ மாகாண மட்டப் போட்டிக்கு ஆயத்தமாகிறது. அதே மாதத்தில் வீட்டார் டிஸ்னி பூங்கா பார்க்க ஒர்லாண்டோவுக்கு டிக்கெற் போட்டிருக்கிறார்கள். அல்லது ரொறன்ரோவில் மாமா வீட்டுக்குப் போய், வொண்டர்லாண்ட் பூங்காவில் ஒரு நாள் கழிப்பதாகப் பேச்சு. பயிற்றுநர் போகக்கூடாது என்கிறார். தகப்பன் காசு கட்டியாச்சு என்கிறார். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். கடைசியில் ஏதாவது ஒன்று பாழாகிறது. சில வீடுகளில் இரண்டுமே.

நானும் இந்த வட்டாரத்தில் பிள்ளை வளர்க்கும் ஒருத்தி. எனக்கு இதில் சொல்ல இருப்பது சுருக்கமானது. கடும் பயிற்சியும் கேளிக்கைப் பூங்காப் பயணமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. போட்டி முதலில், பூங்கா பிறகு என்ற வரிசையைக் காப்பாற்றினால் இரண்டும் நடக்கும். இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரிது: அந்தப் பயணத்தைப் பதக்கத்துக்கு விலையாக வைக்காதீர்கள். பிள்ளை வென்றாலும் தோற்றாலும் சொன்ன பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விளையாட்டைப் பொறுத்தவரை நாம் இருக்கும் இடம் சாதாரண இடமில்லை. ஜாரி பூங்காவில்தான் 1969இல் மொன்றியல் எக்ஸ்போஸ் அணி தன் சொந்த மைதானத்து ஆட்டங்களைத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே மேஜர் லீக் பேஸ்போல் ஆட்டம் முதன்முதலாக நடந்தது அங்கேதான். இன்று அதே பூங்காவில் ஐஜிஏ டென்னிஸ் அரங்கமும் தேசியப் பயிற்சி மையமும் இருக்கின்றன. வடக்கே 40ஆம் இலக்க நெடுஞ்சாலையைத் தாண்டினால் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய குளோட் ரொபியார் விளையாட்டுத் தொகுதி. நீச்சல் குளம், உள்ளரங்க ஓடுபாதை, வெளி மைதானம் எல்லாம் நடந்தே போகக்கூடிய தூரத்தில். போர் துரத்தி வந்த நம்மவர்கள் பலர் இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டிய இதே தெருக்களில், அடுத்த தலைமுறை காலை ஐந்து மணிக்கு நீச்சல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இது நமக்குக் கிடைத்த நல்ல காலம். அதைச் சரியாகக் கையாள வேண்டும் என்ற அக்கறையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில், சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். கியூபெக்கின் நாட்காட்டிதான் பாதிக் காரணம். மார்ச் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களின் ரலாஷ் விடுமுறை. உள்ளரங்கப் போட்டிகள் சூடுபிடிக்கும் காலமும் அதுவே. ஜூன் 24க்கு முன் பள்ளிக்கூடம் மூடும். கோடைகாலப் போட்டிகளின் உச்சம் அதற்குப் பின்னால் வரும். ஜூலையின் கடைசி இரண்டு வாரங்களில் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை. மாகாணத்தின் பெரும்பகுதி அப்போதுதான் லீவு எடுக்கும், நம்மவர்களில் பலருக்கும் வேலைத்தலத்தில் லீவு கிடைப்பது அப்போதுதான். இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உறவினர் வந்து இறங்குவதும் அதே நாட்களில். விமான டிக்கெற்றை ஐந்தாறு மாதம் முந்திப் போட்டால்தான் மலிவு. போட்டித் தேதியோ அதற்குப் பிறகுதான் பெற்றோரின் காதுக்கு வருகிறது. ஆகவே யாரும் வேண்டுமென்று மோதவில்லை. இரண்டு நாட்காட்டிகள் ஒரே மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மோதல் வந்தபின் பெற்றோர் பலர் சொல்லும் ஒரு சமாதானம் உண்டு: போட்டிக்கு முன்னால் நான்கு நாள் ஒர்லாண்டோ போய்வந்தால் பிள்ளைக்கு மனம் லேசாகும், திரும்பிவந்து நன்றாக ஓடும். மனம் லேசாகும் என்பது உண்மை. ஆனால் உடம்புக்கு அந்த நான்கு நாள் ஓய்வே இல்லை. பூங்காவில் ஒரு நாள் என்பது பத்து கிலோமீற்றருக்கு மேல் நடை, அதுவும் கொங்கிரீட் தரையில். ஒரு சவாரிக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம். வாசல் திறக்குமுன் போய்ச் சேரவேண்டும் என்று அதிகாலையில் எழும்புவது, வாணவேடிக்கை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு அறைக்குத் திரும்புவது. ஜூலையில் ஒர்லாண்டோவின் பகல் வெப்பம் 33 பாகையைத் தொடும், புழுக்கம் வேறு. பின்னேரங்களில் இடியோடு மழை. அந்த வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றரை, இரண்டு வாரம் பிடிக்கும். பழகும் முன்பே நாம் திரும்பிவிடுகிறோம். வீதிவழியே வானில் போகும் குடும்பங்களுக்கு, மொன்றியலிலிருந்து ஒர்லாண்டோவுக்கு 2,300 கிலோமீற்றருக்கு மேல் ஒரே இருக்கையில் மடங்கிக் கிடந்த கால்களும் சேர்ந்துகொள்ளும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பூங்கா நாட்களில் அதில் பாதி கிடைத்தால் பெரிது.

போட்டிக்கு முந்திய நாட்களில் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்று விளங்கும். மாதக்கணக்கில் பழகிய பிள்ளையின் உடம்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: கட்டியெழுப்பிய திறனும், அதைக் கட்டியதால் வந்த களைப்பும். களைப்பு மேலே மூடியிருக்கும்வரை திறன் வெளியே தெரியாது. அதனால்தான் பயிற்றுநர்கள் போட்டிக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். வேகத்தையும் தீவிரத்தையும் விடமாட்டார்கள். தூரத்தையும் நேரத்தையும் 40 முதல் 60 வீதம் வரை வெட்டுவார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வந்த முடிவும் இதையே சொல்கிறது. இந்தக் குறைப்பால் கிடைக்கும் முன்னேற்றம் இரண்டு மூன்று வீதம்தான். ஆனால் 100 மீற்றர் ஓட்டத்தில் இறுதிச்சுற்றுக்குப் போவதையும் வீட்டுக்குப் போவதையும் பிரிப்பது அந்த இரண்டு வீதம்தான். களைப்பை வடியவிடும் அந்த வாரத்தில் பிள்ளையை நாள் முழுக்க வெயிலில் நடக்கவிட்டால், வடிந்த களைப்பு திரும்ப நிறைந்துவிடும். மாதக்கணக்கில் விட்ட வியர்வைக்கு அது நியாயமில்லை.

இன்னொரு கவனமும் வேண்டும். வேகமாகச் சுழலும், தலைகீழாகத் திரும்பும் சவாரிகளின் வாசலில், கழுத்து, முதுகு, இதயக் கோளாறு உள்ளவர்களும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் ஏறவேண்டாம் என்று எழுதியிருக்கும். மல்யுத்தம், ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளில் பலர் கழுத்திலோ முதுகிலோ சின்னப் பிடிப்போடுதான் நடமாடுகிறார்கள். அந்த அறிவிப்பைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து நின்று வாசியுங்கள்.

அப்படியானால் பயணத்துக்கு இடம் எங்கே? அதற்கும் பயிற்சிக் கலைக்குள்ளேயே விடை இருக்கிறது. 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் ஒரு விளையாட்டு வீரரின் வருடத்தை மூன்றாகப் பிரித்தார்: ஆயத்தக் காலம், போட்டிக் காலம், போட்டிகள் முடிந்தபின் வரும் இடைமாற்றக் காலம். ருமேனியாவில் பிறந்து கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த டியூடர் பொம்பா அந்த முறையை விரித்து எழுதி, மேற்குலகப் பயிற்றுநர்கள் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தார். அந்த மூன்றாம் காலம் வெறும் சோம்பல் காலமில்லை. வருடத் திட்டத்தில் முறையாக எழுதிவைக்கும் ஒரு பகுதி அது. உடம்பின் நுண்காயங்கள் ஆறுவதும், பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே வரும் சலிப்பு போய்ப் பழைய ஆசை திரும்புவதும் அப்போதுதான். ஒர்லாண்டோ அங்கே கச்சிதமாகப் பொருந்தும். நாள் முழுக்க நடக்கட்டும், நடுச்சாமம் வரை விழித்திருக்கட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடட்டும். அந்த வாரத்தில் எதுவும் கெட்டுப்போகாது. ஒன்றிரண்டு வாரம் பயிற்சியை விட்டால் மாதக்கணக்கில் சேர்த்த திறனெல்லாம் கரைந்துவிடும் என்பது வீண் பயம்.

கோடைகாலப் போட்டிகளில் இறங்கும் பிள்ளைகளுக்கு இதை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால், ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிந்திய நாட்கள் நல்லவை. பெரும்பாலான போட்டிகள் அதற்குள் முடிந்துவிடும். கியூபெக் பள்ளிக்கூடங்கள் மாதக் கடைசியில்தான் திறக்கும். புளோரிடாவில் ஓகஸ்ட் இரண்டாம் வாரத்திலேயே பள்ளிக்கூடம் தொடங்கிவிடுவதால் பூங்காக்களில் கூட்டமும் குறையும். சூறாவளிக் காலம் அது என்பதால், மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெற்றாகப் பார்த்து எடுங்கள். வெயில் குறையாது, ஆனால் அடுத்த நாள் ஓடவேண்டிய பந்தயம் எதுவும் இல்லாத பிள்ளைக்கு அது பெரிதாகப் படாது.

இந்த வரிசைக்கு நம்மவர் கதை ஒன்று உண்டு. 2024 நவம்பர் 25 முதல் உலக சதுரங்க வாகைப் போட்டி சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் நடந்தது. சென்னையின் 18 வயது குகேஷ் ஒருபக்கம், சீனாவின் டிங் லிரென் மறுபக்கம். போட்டி நடந்த ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா வளாகத்துக்குள்ளேதான் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவும் இருக்கிறது. ஆசியாவின் புகழ்பெற்ற கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, 14 ஆட்டங்கள் என்ற அந்த நீண்ட போட்டியை ஆடினார் குகேஷ். மூன்று ஆட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அப்படியொரு ஓய்வு நாளில் தன் பயிற்றுநர் கஜேவ்ஸ்கியோடு கடற்கரைப் பக்கம் நடந்தபோது, உயரத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி ஜம்ப் இடத்தைப் பார்த்தார்கள். குகேஷுக்கு உயரம் என்றால் பயம். அப்படியிருந்தும், பட்டம் வென்றால் உங்களோடு சேர்ந்து குதிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். டிசம்பர் 12ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் வென்று, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் உலக வாகையரானார். காஸ்பரோவ் 1985இல் 22 வயதில் வைத்த சாதனை அன்று உடைந்தது. பட்டம் கையில் வந்தபின் குகேஷ் போய்க் குதித்தார்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வரிசை. கேளிக்கைத்தலம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், ஓய்வு நாளில் அவர் நடந்தார். குதிப்பது போட்டிக்குப் பிறகு என்று வைத்தார். இரண்டு, அந்த வாக்கு அவருடையது. பெரியவர்கள் யாரும் நீ வென்றால் இது தருவோம் என்று அவர் முன்னால் நீட்டவில்லை. அவருடைய தந்தை ரஜினிகாந்த் ஒரு காது மூக்கு தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர். மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தன் தொழிலையே நிறுத்திவைத்தவர். அவ்வளவு கொடுத்த பெற்றோர் அதை மகனிடம் கடனாகக் கேட்டு நிற்கவில்லை. தான் விரும்பித் தனக்கே வைத்த பந்தயம் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு. பெரியவர்கள் வைக்கும் பந்தயம் அதற்குச் சுமை.

இங்கேதான் என் இரண்டாவது வேண்டுகோளுக்கு வருகிறேன். பதக்கம் எடுத்தால் டிஸ்னி, எடுக்காவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம். இந்த வசனத்தை நம் வட்டாரத்தில் நான் கேட்காத கோடைகாலம் இல்லை. சொல்பவர்களின் மனம் எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லாமல் வந்திறங்கி, ஒவ்வொன்றையும் உழைத்துப் பெற்றவர்கள் நாம். உழைத்தால் கிடைக்கும், உழைக்காவிட்டால் கிடைக்காது என்ற பாடத்தைப் பிள்ளைக்கும் கொடுக்க விரும்புகிறோம். விருப்பம் நல்லது. ஆனால் பதக்கம் உழைப்பை மட்டும் அளப்பதில்லை. பக்கத்துப் பாதையில் யார் ஓடுகிறார் என்பதையும் சேர்த்து அளக்கிறது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரத்தை ஓடிவிட்டு ஐந்தாவதாக வரும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையிடம் நீ போதிய அளவு உழைக்கவில்லை, ஆகவே பயணம் இல்லை என்று சொன்னால் அது பொய். பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும்.

வேறொன்றையும் யோசித்துப் பாருங்கள். தம்பியும் தங்கையும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பயணம் அண்ணனின் ஒரு பாய்ச்சலில் தொங்கினால், அந்தச் சுமையோடு அவன் எப்படிப் பாய்வான்? ஓடுபாதையில் நிற்கும்போது தன் அடியை நினைக்கவேண்டிய பிள்ளை வீட்டாரின் முகங்களை நினைக்கிறது. தோற்றால் வீட்டில் எல்லோருடைய விடுமுறையையும் கெடுத்தவன் என்ற பெயர் வேறு. அதற்குப் பயந்தே, வலியை மறைத்து ஓடிக் காயத்தைப் பெருப்பிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஏன் விளையாடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் கால்பந்து வீரர்களிடம், விளையாட்டில் எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டு 81 காரணங்களைத் தொகுத்தார்கள். முயன்று ஆடுவது, பயிற்றுநர் மதிப்போடு நடத்துவது, அணித்தோழர்களோடு சேர்ந்திருப்பது போன்றவை முன்னே நின்றன. வெற்றி பெறுவது பட்டியலின் மேல் வரிசைகளில் இடம்பெறவே இல்லை. நாம் பெரியவர்கள் எதைப் பரிசாக நீட்டுகிறோமோ, அது பிள்ளைகள் தேடி வந்தது அல்ல. மகிழ்ச்சி போனால் பிள்ளை விளையாட்டை விட்டுவிடும். பதினாலு பதினைந்து வயதில், திறமை பழுக்கும் நேரத்தில், நம் பிள்ளைகள் பலர் நீச்சல் பையை மூலையில் போட்டுவிடுவதைப் பார்க்கிறோம். படிப்பு ஒரு காரணம்தான். ஓய்வே இல்லாமல் வளர்ந்த சலிப்பு இன்னொன்று.

ஓய்வு என்றால் எவ்வளவு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தீவிரமாகப் பழகும் பிள்ளைக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தேனும், தன் விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். சிக்காகோவில் 1,000க்கு மேற்பட்ட இளம் வீரர்களைப் பார்த்த ஆய்வு ஒன்று இலகுவான அளவுகோல் ஒன்றைத் தந்தது: வாரத்தில் பழகும் மணிநேரம் பிள்ளையின் வயதை மிஞ்சினால் கடுமையான காயத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். உங்கள் வீட்டில் எத்தனை என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

ஓய்வெடுப்பது வெல்லத் தெரியாதவர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு நம் ஜாரி பூங்காவையே காட்டுகிறேன். 2025 ஓகஸ்ட் 7ஆம் தேதி அங்கே 18 வயது டென்னிஸ் வீராங்கனை விக்டோரியா எம்போகோ, நயோமி ஒசாக்காவை வென்று பட்டம் எடுத்தார். கொங்கோவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகள். போட்டி தொடங்கும்போது உலகத் தரவரிசையில் 85ஆம் இடம். நம் பிள்ளைகள் பலர் அந்த வாரம் அரங்கத்துக்கு வெளியே திரையில் பார்த்து ஆரவாரித்தார்கள். அரையிறுதியில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டிருந்த அவர், உலகமே தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உடனே தொடங்கிய சின்சினாட்டிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று யாரும் அவரை நெருக்கியிருக்கலாம். அவர் நின்றார். பெரிய வீரருக்குரிய முடிவு அது.

சில விளையாட்டுகளில் போட்டியே கேளிக்கைப் பூங்காவுக்குள் நடக்கிறது. டிஸ்னி வேர்ல்டில் 1997இல் திறந்த விளையாட்டு வளாகம் இன்று ஈஎஸ்பிஎன் பெயரில் இயங்குகிறது; உலக சியர்லீடிங் போட்டிக்கு அணிகள் வருவதும் அங்கேதான். 2020 கோடையில் தொற்றுக் காலத்தில் எம்எல்எஸ் கால்பந்து அணிகள் அங்கே தங்கி ஆடின. நம் மொன்றியல் இம்பாக்ட் அணியும் போனது. ஜூலை 9ஆம் தேதி அவர்களின் முதலாவது ஆட்டம் தொடங்கியதும், பயிற்றுநர் தியரி ஹென்றி ஜோர்ஜ் புளொய்டை நினைத்து 8 நிமிடம் 46 விநாடி மண்டியிட்டு நின்றது அந்த வளாகத்தில்தான். பூங்காக்கள் ஒருசில நாளில் பக்கத்திலேயே திறந்தன. வீரர்களோ விடுதி, பயிற்சி, ஆட்டம் என்ற வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள், சம்பளத்துக்கு ஆடுபவர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அப்படி அடைத்துவைக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் அணி அங்கே போனால், திரும்பும் விமானத்தைக் கடைசிப் போட்டிக்கு இரண்டு நாள் பிந்திப் போடுங்கள். அந்த இரண்டு நாள் பூங்காவுக்கு. போட்டிக்கு முதல்நாள் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம் என்ற பேச்சே வேண்டாம்.

நம்மில் மரதன் ஓடும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஜனவரியில் டிஸ்னியில் நடக்கும் மரதன் வார இறுதியில் வியாழன் 5 கிலோமீற்றர், வெள்ளி 10 கிலோமீற்றர், சனி அரை மரதன், ஞாயிறு முழு மரதன். நான்கையும் ஓடினால் 78 கிலோமீற்றர். மொன்றியலின் உறைபனியில் இருட்டில் ஓடிப் பழகி, முழங்கால் வலியைத் தாங்கி அங்கே போகிறீர்கள். முழு மரதன் ஞாயிறு என்பதால், அதற்கு முந்திய நாட்களிலேயே பூங்காக்களைச் சுற்றும்படி பிள்ளைகள் இழுப்பார்கள். வீட்டாரைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கால் நீட்டி இருங்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர்களோடு மெல்ல நடங்கள். ஓடிக் களைத்த காலுக்கு மெதுநடை நல்லது.

ஒர்லாண்டோ எல்லோருக்கும் எட்டாது என்பதையும் நான் மறக்கவில்லை. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு விமானம், விடுதி, நுழைவுச்சீட்டு என்று ஆயிரக்கணக்கான டொலர் போகும். நிரந்தர வதிவுரிமையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத்துக்கு நெடுநாள் காத்திருக்கவும் வேண்டும். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் எல்லையைத் தாண்டவே முடியாது. 2025இலிருந்து அமெரிக்கப் பயணத்தையே தவிர்க்கும் கனேடியர்களும் பெருகியிருக்கிறார்கள். அதற்காகப் பிள்ளைக்கு அந்த நாள் இல்லாமல் போகவேண்டியதில்லை. ஜாரி நிலையத்தில் செம்மஞ்சள் பாதை மெற்றோவில் ஏறி, பெரி-யூகாமில் மஞ்சள் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் ழான்-திராப்போ. சென்ற் ஹெலன் தீவில் 1967 உலகக் கண்காட்சிக்காகத் திறந்த லா ரோந்த் இன்றும் இருக்கிறது. 1985இலிருந்து ஓடும் மரத்தாலான லு மொன்ஸ்த்ர் சவாரியும் அங்கேதான். ரொறன்ரோவில் உறவினர் உள்ளவர்களுக்கு 1981இல் திறந்த வொண்டர்லாண்ட். எங்கே போனோம் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினோமா என்பதை மறக்கமாட்டார்கள்.

பயிற்றுநர்களே, உங்களிடமும் கேட்க இருக்கிறது. உங்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த களைப்போடு வந்து பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். பருவம் தொடங்கும்போதே, செப்ரெம்பரிலேயே, முக்கியமான போட்டிகள் எந்த வாரங்களில் வரக்கூடும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். தேதி உறுதியாகாவிட்டாலும் வாரத்தைச் சொல்லலாம். எந்த வாரங்களில் பிள்ளை தாராளமாகப் போகலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வரக்கூடாத நாட்களை மட்டும் சொல்லும் பயிற்றுநருக்குப் பெற்றோர் ஒளிப்பார்கள். போகக்கூடிய நாட்களையும் சொல்பவரிடம் முன்கூட்டியே வந்து கேட்பார்கள். பயணம் போய்வந்த பிள்ளையை அணியின் முன்னால் நிறுத்திக் குத்திப் பேசாதீர்கள். டிக்கெற் போட்டது பிள்ளை இல்லை. திரும்பி வந்த முதல் வாரத்தை இலகுவாக வைத்து, மெல்ல ஏற்றிக்கொண்டு போங்கள்.

பெற்றோரே, அந்தத் தாள் கையில் வந்ததும் டிக்கெற் போடுமுன் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். எந்தப் போட்டி தனக்கு முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கே சொல்லத் தெரியும். சில வேளை உறவில் கல்யாணம் வரும். தேதியை மாற்ற முடியாது. அப்போது போட்டியை விடுவதும் ஒரு முடிவுதான். குற்ற உணர்வு ஏற்றாமல் சேர்ந்து எடுங்கள். போட்டிக்கு முந்திய இரண்டு வாரத்தை மட்டும் எப்பாடுபட்டாவது காத்துக்கொடுங்கள்: நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை, வீட்டில் விருந்தும் நெடும்பயணமும் இல்லாத பதினாலு நாள். பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

இந்த வருடம் போட்டிக்கு முன்பாகவே பிள்ளையைக் கூப்பிட்டு, பயணத் தேதியைச் சொல்லி, முடிவு என்னவானாலும் போகிறோம் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தபடி போங்கள். பிள்ளை கடைசியாக வந்திருந்தாலும் போங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

அன்போடு,
வில்லரேயிலிருந்து உங்களில் ஒருத்தி